பதினொன்று இருபதின் நூற்று முப்பத்தெட்டு பிரதிகள்

பேருந்து நிலையத்துக்கான பொதுக் கழிப்பறை ஒன்றைச் சேமிக்க என் கம்ப்யூட்டரில் இடமில்லை என்று சனிக்கிழமை மதியம் பன்னிரண்டே காலுக்குத் தெரியவந்தது. ஆண்கள் பக்கம் ஆறு, பெண்கள் பக்கம் எட்டு, சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு ஒன்று. காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து, கோடு கோடாகப் போட்டு, ஒரு கதவு இன்னொரு கதவை இடிக்காமல் திறக்கும்படி செய்து முடித்துவிட்டு, சேமி என்று அழுத்தினால், வட்டில் இடமில்லை என்கிறது. அந்தக் கழிப்பறை மொத்தமே நாற்பது எம்பி. நான் கட்டட வரைபடக்காரன். இருபத்திரண்டு வருடமாக ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் இடம் ஒதுக்கித் தருவதுதான் என் பிழைப்பு. எனக்கே இடமில்லை என்றால் எரிச்சல் வருமா வராதா?

வந்தது. எனக்கு எரிச்சல் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. என் மனைவியைக் கேட்டால் சொல்வாள். கேட்டால் சொல்வாள் என்பதும் இப்போது ஒரு பேச்சுக்குத்தான். நாலு மாதமாக எதைக் கேட்டாலும் அவள் "ம்" என்கிறாள். காப்பி வேண்டுமா, ம். கதவைச் சாத்தவா, ம். கப்பல் முனையத்திலிருந்து வந்த கடிதத்துக்கு என்ன பதில் போடப் போகிறாய் என்று கேட்டேன். அதற்கும் ம்.

அவள் அங்கே கிரேன் ஓட்டுகிறவள். நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கித் தரையில் வைக்கும் வேலை. ஒவ்வொரு பெட்டியும் ஒரு சின்ன வீடு அளவு இருக்கும். பதினாறு வருடம் வைத்திருக்கிறாள், ஒரு கீறல் கிடையாது. நாலு மாதத்துக்கு முன் ஒரு நாள் காலை பதினொன்று இருபதுக்கு, இறக்கிக்கொண்டிருந்த பெட்டி ஆடி, கீழே சைகை காட்டிக்கொண்டிருந்தவரின் காலை நசுக்கிவிட்டது. அவரை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. கூடிவிட்டது, இப்போது உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பத்து நிமிடம் அவருக்கு நினைவே இல்லை. கேமராவுக்கு முன்னால் வேறு பெட்டி அடுக்கு மறைத்திருந்தது. மூன்று வாரம் விசாரித்துவிட்டு, "காரணம் உறுதியாகவில்லை" என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள்.

உன் தப்புதான் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். கம்பியின் கோளாறு என்றிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். உறுதியாகவில்லை என்பதை வைத்துக்கொண்டு அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்றைக்குப் பிறகு அவள் ஏணியில் கால் வைக்கவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வந்து ஏற வேண்டும். இல்லையென்றால் வாசல் அலுவலகத்தில் லாரிச் சீட்டுக்கு முத்திரை குத்தும் வேலைக்கு நிரந்தரமாக மாற்றிவிடுவார்கள். முத்திரை குத்துவது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் என் மனைவி அந்தக் கூண்டில் இருக்கும்போதுதான் முழு ஆளாக இருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவள் திரும்ப ஏற வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. அதைச் சொன்னால் கட்டாயப்படுத்துவதாக ஆகிவிடுமோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டு கழிப்பறை வரைந்துகொண்டிருந்தேன்.

இடத்தை யார் அடைத்தது என்று பார்த்தேன். வட்டு மொத்தம் நானூற்று எண்பது ஜிபி. அதில் முந்நூறு ஜிபியை ஒரே ஒரு ஃபோல்டர் விழுங்கியிருந்தது. என் மனைவியின் வர்ச்சுவல் மெஷின்.

வர்ச்சுவல் மெஷின் என்றால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டர். தொட்டுப் பார்க்க முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் அதன் வட்டும் நம் வட்டில் கிடக்கும் ஒரு ஃபைல்தான். முனையத்தின் பழைய கிரேன் பயிற்சி ப்ரோக்ராம் பதினைந்து வருடத்துக்கு முந்தைய சிஸ்டத்தில்தான் ஓடும். அதற்காக என் மச்சினன், கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன், மூன்று மாதத்துக்கு முன் வந்து, அந்தப் பழைய சிஸ்டத்தை இதற்குள் குடிவைத்து, கிரேனில் இருப்பது போன்ற இரண்டு கைப்பிடிகளையும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். "பயிற்சி பண்ணணும்" என்று அவளேதான் கேட்டிருந்தாள். நான் ஆபீசில் இருக்கும் நேரத்தில் தினமும் உட்காருகிறாள் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சரி, இப்போது கழிப்பறை. மூன்று ஜிபிக்கு இருந்த என் பாட்டு ஃபோல்டர் ஒன்றை அழித்துவிட்டுப் படத்தைச் சேமித்தேன். பிரச்சினை தீர்ந்தது. அத்தோடு எழுந்து போயிருந்தால் நான் நல்ல மனிதன். ஆனால் என் பாட்டுக்கெல்லாம் யார் பதில் சொல்வது? முந்நூறு ஜிபிக்கு உட்கார்ந்திருக்கிறவர் நகர மாட்டார், மூன்று ஜிபிக்காரன் காலி செய்ய வேண்டுமா?

மனைவி காய்கறி வாங்கப் போயிருந்தாள். வர்ச்சுவல் மெஷினைத் திறந்து, உள்ளே போய், ப்ரோக்ராமோடு வந்த விளக்கப் படங்களை எல்லாம் அழித்தேன். ஒன்பது ஜிபி. குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். வெளியே வந்து பார்த்தால் ஃபோல்டர் ஒரு துளிகூடக் குறையவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் ஏறியிருந்தது. மச்சினனுக்குப் போன் போட்டேன்.

"மாமா, உள்ள அழிச்சா வெளிய குறையாது," என்றான். "அந்த வட்டு தேவைக்கு ஏத்த மாதிரி வளரும். தானா சுருங்காது."

"ஒன்பது ஜிபி அழிச்சிருக்கேன் மாப்ள."

"உள்ள இருக்கிற சிஸ்டத்துக்கு அந்த இடம் காலி. வெளிய இருக்கிற சிஸ்டத்துக்கு அது இன்னும் ரொம்பின ஃபைல்தான். இவங்க அழிச்சதை அவங்ககிட்ட சொல்ல மாட்டாங்க. ஒரே இடத்துல இருந்தாலும் ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது."

"எங்க வீடு மாதிரின்னு சொல்லு."

"அக்கா எப்படி இருக்கா?"

"ம்ங்கிறா."

"முந்நூறு ஜிபி எல்லாம் வர சான்ஸே இல்லையே மாமா. ஸ்னாப்ஷாட் ஏதாவது எடுத்திருக்காளா பாருங்க."

அது என்ன என்று கேட்டேன். மெஷின் ஒரு நொடியில் எப்படி இருக்கிறதோ, திரையில் ஓடிக்கொண்டிருப்பது உட்பட, அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளலாமாம். எப்போது வேண்டுமானாலும் அந்த நொடிக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து தொடரலாமாம். ஒவ்வொன்றும் இரண்டு ஜிபி சாப்பிடும். வழக்கமாக ஒன்றோ இரண்டோ வைத்துக்கொள்வார்கள் என்றான். பட்டியலைத் திறந்து எண்ணினேன். பாதியில் விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

"நூத்தி முப்பத்தெட்டு," என்றேன்.

"மாமா, சரியா பாருங்க."

"ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

"யாரும் அத்தனை எடுக்க மாட்டாங்களே."

"உங்க அக்கா எடுத்திருக்கா."

கிளை நுனியில் இருப்பதாகப் பார்த்து ஒவ்வொன்றாக அழிக்கலாம் என்றான். அழித்தால் திரும்ப வராது, அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்றும் சொன்னான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று போனை வைத்தேன். கேட்டால் "ம்" என்றுதானே சொல்லப் போகிறாள். அதை நானே சொல்லிக்கொண்டேன்.

மேலிருந்து ஆறு அழித்தேன். ஒவ்வொன்றுக்கும் "நிச்சயமாகவா?" என்று கேட்டது, ஆமாம் என்றேன். பன்னிரண்டு ஜிபி கிடைத்ததும் கொஞ்சம் கோபம் இறங்கியது. ஏழாவதில் அழி என்ற பொத்தானுக்குப் பதிலாகப் பக்கத்தில் இருந்த திரும்பு என்ற பொத்தானை அழுத்திவிட்டேன். அது எனக்குக் காத்திராமல் அந்த நொடியைத் திறந்து காட்டியது.

சிமெண்டுத் தரை. ஒரு நீலப் பெட்டி, தரையில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் மஞ்சள் கோடு. கோட்டின் மேல் தொப்பி போட்ட குட்டி மனிதர் ஒருவர் கையை உயர்த்தி நின்றார். கீழே எழுதியிருந்தது: இறக்கம் முடிந்தது. சேதம் இல்லை. காயம் இல்லை.

அடுத்ததைத் திறந்தேன். அதே பெட்டி, அதே மனிதர், காயம் இல்லை. அதற்கடுத்தது. அதுவும் அப்படித்தான். அப்போதுதான் பெயர்களை ஒழுங்காகப் படித்தேன். மிச்சமிருந்த நூற்று முப்பத்திரண்டும், நான் எண்ணிக்கையில் சேர்க்காத ஒரே ஒரு தாய் ஸ்னாப்ஷாட்டிலிருந்து கிளை பிரிந்து தொங்கின. அதன் பெயர் "11.20". அந்தரத்தில் தொங்கும் பெட்டியோடு, இறக்கம் தொடங்கும் நொடி. அதற்குக் கீழே: "காற்று 9". "காற்று 9, மெதுவாக". "காற்று 9, ரொம்ப மெதுவாக". "காற்று 9, அன்னிக்கு மாதிரியே". "அன்னிக்கு மாதிரியே 2". "அன்னிக்கு மாதிரியே 3". அப்படியே போய் "அன்னிக்கு மாதிரியே 104" வரை.

அவளுடைய வேலையில் ஒவ்வொரு இறக்கத்தையும் குறித்து வைக்க வேண்டும். நேரம், எடை, காற்று. பதினாறு வருடத்தில் ஒன்றைக்கூட அவள் குறிக்காமல் விட்டதில்லை. இதையும் அப்படித்தான் குறித்து வைத்திருக்கிறாள். வேலைக்குத் திரும்பப் பயிற்சி எடுக்கிறாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் மூன்று மாதமாக ஒரே ஒரு காலையை விட்டு நகரவில்லை.

"எத்தனை அழிச்சீங்க?"

திரும்பினால் பின்னால் நிற்கிறாள். கையில் காய்கறிப் பை. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"ஆறு."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்; நானும் பதிலுக்கு என் பாட்டுகளைப் பற்றிக் கத்தியிருப்பேன். அவள் பையைக் கீழே வைத்தாள். ஒரு கத்தரிக்காய் உருண்டு மேஜைக்கு அடியில் போனது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோமே தவிர எடுக்கவில்லை.

"பரவாயில்ல," என்றாள். "அந்த ஆறுலயும் விழல."

"எது விழல?"

"பெட்டி ஆடி அவர் மேல விழணும்ல. ஒரு தடவைகூட விழல. அதே எடை, அதே காற்று, அன்னிக்கு எப்படி இறக்கினேனோ அதே மாதிரி இறக்கறேன். ஒழுங்கா உக்காருது."

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? ஒரு தடவை விழுந்தா போதும். எந்த இடத்துல தப்பு பண்ணேன்னு தெரிஞ்சிடும். அதுக்கப்புறம் அதைப் பண்ணாம இருப்பேன். விழவே மாட்டேங்குதுங்க. என்ன பண்ணேன்னே தெரியாம மேல ஏறி, நாளைக்கு வேற ஒருத்தர் நின்னா?"

இதுதான் நாலு மாதமாக "ம்" என்பதற்குள் இருந்தது. உன் மேல் தப்பில்லை என்று நான் இதுவரை நூறு முறையாவது சொல்லியிருப்பேன். இன்னொரு முறை சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு எப்போதும் வருகிற கோபம்தான் வந்தது. அந்தப் பெட்டி மேல் கோபம். கோட்டின் மேல் ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கிற தொப்பிக்காரர் மேல் கோபம்.

"விழணும், அவ்வளவுதானே?" என்றேன். "நான் போட்டுக் காட்டறேன்."

"உங்களுக்கு ஓட்டத் தெரியாது."

"அதனாலதான் சொல்றேன்."

11.20-ஐத் தேர்ந்தெடுத்துத் திரும்பு என்று அழுத்தினேன், இந்த முறை வேண்டுமென்றே. பெட்டி அந்தரத்தில் தொங்கியது. இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தேன். இறக்கலாம் என்று ஒன்றைத் தள்ள, பெட்டி மேலே ஏறியது. பதறி மற்றதைத் தள்ள, இடப்பக்கம் ஓடி ஆட ஆரம்பித்தது. ஆட்டத்தை நிறுத்துவோம் என்று எதிர்ப்பக்கம் வெடுக்கென்று இழுத்தேன். அது இன்னும் பெரிதாக ஆடி, சரிந்து, தொப்பிக்காரரைத் தட்டி விட்டது. அவர் சாய்த்து வைத்த பலகை மாதிரி அப்படியே விழுந்தார். திரை சிவப்பானது. காயம்: ஒருவர். மொத்தம் ஒன்பது நொடி.

"விழுந்துடுச்சு," என்றேன்.

அவள் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். வலித்தது.

"ஏன் எதிர்ப்பக்கம் இழுத்தீங்க?"

"ஆடிச்சு. நிறுத்தலாம்னு பார்த்தேன்."

"ஆடற பெட்டியை எதிர்ப்பக்கமா இழுப்பாங்க? அது எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே நீங்களும் கூடப் போகணும். போய் அது தலைக்கு மேல நின்னா, அதுவா அடங்கிடும். இது முதல் நாள் சொல்லிக் குடுக்கறது." மூச்சு வாங்கினாள். "மறுபடி பண்ணுங்க."

மறுபடி செய்தேன். இந்த முறை கூடவே போனேன். போய் நிற்கத் தெரியாமல் அடுத்த அடுக்கில் இடித்தேன். மூன்றாம் முறை காற்றைக் கணக்கில் எடுக்காமல் இறக்கினேன். தொப்பிக்காரர் மறுபடி விழுந்தார். நான் வேண்டுமென்றே செய்கிறேன் என்று மனைவி நினைத்தாள். சத்தியமாக இல்லை, உயிரைக் கொடுத்துத்தான் ஓட்டினேன்.

"கையா அது, உலக்கையா? விரலால தொடுங்க, போதும். அங்க பாருங்க, கொடி எந்தப் பக்கம் பறக்குது? கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு? இறக்கறப்போ திரையோட மூலையைப் பார்ப்பாங்களா?"

முனையத்தில் அவள் இப்படித்தான் பேசுவாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நேரில் கேட்டதில்லை. திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன். நாலாவது முறையும் விழுந்தது. அதற்கு அவள் திட்டவில்லை. சிவப்புத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுல ஒண்ணுகூட நான் பண்ண மாட்டேன்," என்றாள்.

"தெரியும்."

"தூக்கத்துலகூட பண்ண மாட்டேங்க. என் கைக்கு இதெல்லாம் வராது."

"ம்," என்றேன். இந்த முறை நான்.

"நான் பண்ணலைங்க," என்றாள்.

சொல்லிவிட்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து அழுதாள். சத்தமாக, மூக்கெல்லாம் ஒழுக. நானும் இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது, மறைக்க ஒன்றுமில்லை. நான் ஒரு பெட்டியைப் போட்டதால் எதுவும் நிரூபணமாகிவிடாது என்று எனக்குத் தெரியும். கம்பியா, காற்றா, விசிலின் கால் கோட்டைத் தாண்டியதா, யாருக்கும் தெரியாது, இனியும் தெரியப்போவதில்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனால் ஒரு பெட்டி விழ வேண்டும் என்றால் கை என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று அவள் இப்போதுதான் பார்த்தாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டாள்.

"இப்ப பண்ணீங்களே, இதைச் சேமிச்சு வைங்க."

"பன்னிரண்டு ஜிபிதான் இருக்கு."

"வைங்க. என்னோடதை எடுத்துடலாம்."

"எத்தனை?"

"எல்லாத்தையும்."

மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்க அந்த ப்ரோக்ராமில் வழியில்லை, அல்லது எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாகத்தான். நான் தேர்ந்தெடுத்தேன், "நிச்சயமாகவா?" என்று கேட்டபோதெல்லாம் அவள் கையை நீட்டி ஆமாம் என்று அழுத்தினாள். முதலில் ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் படித்துவிட்டு அழுத்தினாள். நாற்பதுக்கு மேல் படிக்கவில்லை. எழுபதில் நடுவே எழுந்து போய்ச் சோறு வைத்துவிட்டு வந்தாள். நூற்று முப்பத்திரண்டும் முடிய ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆயிற்று.

கடைசியில் 11.20-உம் அதன் கீழே என் விபத்தும் மட்டும் மிஞ்சின. என்னுடையதற்கு அவளே பெயர் தட்டினாள்: "காற்று 9. ஓட்டியவர்: வீட்டுக்காரர். காயம்: ஒருவர்."

11.20-ஐ அழிக்கப் போனபோது வேறு மாதிரி எச்சரிக்கை வந்தது. மச்சினனைக் கேட்டேன். "அது வேர் மாதிரி மாமா. அதை எடுத்தா, அதுல இருக்கிறது எல்லாம் கீழ இருக்கிறதோட சேர்ந்துடும். உங்களோடது பத்திரமா இருக்கும். அந்த நொடிக்குத் திரும்பிப் போக மட்டும் முடியாது."

ஸ்பீக்கரில்தான் பேசினான். அவளும் கேட்டாள். பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். அழுத்தினாள். ஒரு கோடு இடமிருந்து வலமாக நகர்ந்து முடிய நாலு நிமிடம் ஆயிற்று. பிறகு பட்டியலில் என் பெயர் போட்ட ஒரே வரி இருந்தது.

"திங்கக்கிழமை காலையில என்னை அஞ்சு மணிக்கு எழுப்புங்க," என்றாள்.

"நாலரைக்கே எழுப்பறேன்."

"வேணாம், அஞ்சு போதும். நல்லா தூங்கிட்டுப் போறேன். கீழ ஆள் நிப்பாங்க."